நாப்பத்தோராவது பல்லு

இடிச்சிருச்சுங்களா தம்பி? மன்னிச்சுக்கங்க. பையில இருக்கறது இரும்பு, அதான். கொஞ்சம் அக்கட்ட நகந்து உக்காருங்க, நான் மடியிலயே வெச்சுக்கறேன். இல்லீங்க, மேல வெக்கறதுக்கில்ல. பழனிக்குப் போயி முருகன் பாதத்துல வெச்சு எடுக்கோணும்னு கொண்டு போறது. அதைக் கொண்டு போயி அடுத்தவங்க செருப்புப் பைக்குப் பக்கத்துல வெப்பாங்களா?

வேலெல்லாம் இல்லீங்க. காட்டறனே, அதுக்கென்ன. கை சுத்தமா இருக்குதுங்களா? முறுக்குத் தின்ன கையாட்ட இருக்குது. இந்தாங்க துண்டு, தொடச்சுக்கங்க. ம், இதாம் பாருங்க. பல்சக்கரம். ஸ்ப்ராக்கெட்டுன்னு சொல்றாங்க. சைக்கிள்ல பெடல் பக்கம் ஒரு பல்சக்கரம் இருக்குது, பின்னால வீல்ல ஒண்ணு இருக்குது, ரெண்டையும் செயினு சேத்துப் புடிச்சிருக்குது பாத்திருப்பீங்க. அதே சமாச்சாரந்தான். இது ரேஸ் வண்டியோட பின்சக்கரத்துப் பல்லு. சந்தனம், குங்குமம் எல்லாம் எங்க ஊட்டுக்காரி வெச்சது. பொட்டு அழியாமப் புடிச்சுப் பாருங்க.

நல்லாப் பாத்துக்கங்க தம்பி. நாப்பத்தொண்ணு பல்லு. எண்ணுனது நானு.

எம்பேரு சென்னியப்பன். கோயமுத்தூரு கணபதியில கிரைண்டர் கம்பெனி. மாவாட்டற கிரைண்டருங்க. உங்க ஊட்லயும் எங்களுது இருந்தாலும் இருக்கும், இல்லீன்னாலும் தப்பில்ல. நான் பொறந்தது பதினாலாந் தேதி. ஒண்ணும் நாலும் அஞ்சு. அஞ்சுன்னா புதன். யாவாரத்துக்கும் வேகத்துக்கும் புதன் மாதிரி கெரகம் கெடையாது. எங்க கம்பெனிக் கதவு நம்பரக் கூட்டுனா அஞ்சு. காரு நம்பரு அஞ்சு. செல்போன் நம்பரு அஞ்சு வரோணும்னு அந்தக் கடைக்காரன அரை நாளு நிக்க வெச்சேன். காங்கயத்துல கதிர்வேல்னு ஒரு எண் ஜோசியரு, அவரு சொன்னா சொன்னதுதான். எனக்கு இந்த மூடநம்பிக்கையெல்லாம் கெடையாதுங்க. பூனை குறுக்கால போனாக்கூட நான் நிக்கமாட்டேன். இது கணக்கு. கணக்கு பொய் சொல்லாது.

எனக்கு ஒரே புள்ள. பிருந்தா. இஞ்சினீரிங்கு படிச்சுது. மெக்கானிக்கலு. படிச்சுட்டு வந்து கம்பெனியில பில்லு போடற சீட்டுல உக்காரும்னு பாத்தா, பின்னால பட்டறையில போயி உக்காந்துக்குச்சு. வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட்டுல ஓட்டாம வெச்சிருந்த ஏடிவியக் கொண்டாந்து எறக்குச்சு. ஏடிவி தெரியுமுங்களா? நாலு சக்கரம் இருக்கும், ஆனா காரில்ல. பைக்காட்ட ஹேண்டில் இருக்கும், ஆனா பைக்கில்ல. எங்க ஊட்டுக்காரி அதைப் பாத்துட்டு, "இதுக்குக் கூரை எப்ப போடுவாங்க?"ன்னு கேட்டா. ஆறு மாசம் அதைப் பிரிச்சுப் பிரிச்சு மாட்டி, டிராக் ரேஸுக்குன்னு தயார் பண்ணிருச்சு. டிராக் ரேஸுன்னா சுத்தி வர்ற சோலியெல்லாம் இல்லீங்க. நேர்கோடு. இருநூறு மீட்டர். ரெண்டு வண்டி நிக்கும், கொடிய எறக்குனா போகோணும், மொதல்ல போனவன் ஜெயிச்சான். நீங்க தும்முனீங்கன்னா ஒரு ரேஸ் போயிரும்.

இது என்னத்துக்குப் பொட்டப்புள்ளைக்குன்னு நான் கேக்கலீன்னு நெனைக்காதீங்க. கேட்டேன். ஆனா எஞ் சகலபாடி நல்லசிவம் இருக்கறாரு பாருங்க, எங்க ஊட்டுக்காரியோட அக்காவக் கட்டுனவரு, அவரு மவன் நந்து ஒரு புது ஏடிவி வாங்குனான். வாங்கி, ஊருக் கோயில் நோம்பிக்கு எங்க மாமனாரு ஊட்டு வாசல்ல கொண்டாந்து நிறுத்துனான். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் சுத்தி நின்னு பாத்தாங்க. சகலை எங்கிட்ட வந்து, "என்ன சென்னியப்பா, உம்புள்ளையும் ஏதோ ஓட்டை வண்டிய வெச்சுத் தட்டிட்டிருக்குதாமா?"ன்னாரு. சிரிச்சுட்டுத்தான் கேட்டாரு. அவரு எதுவுமே சிரிச்சுட்டுத்தான் கேப்பாரு. அன்னைக்கு முடிவு பண்ணுனனுங்க, என்ற புள்ள ஓட்டட்டும். ஓட்டி இவிய மவனை ஜெயிக்கட்டும்.

கிணத்துக்கடவு வந்திருச்சுங்களா? சரி சரி. பொள்ளாச்சியில கொஞ்ச நேரம் நிப்பான், டீ குடிச்சுக்கலாம்.

அப்பறம் ஒரு நாளு காலையில பட்டறைக்குப் போறேன், வண்டி நிக்குது, செயினு தொங்குது. நல்லாவே தொங்குதுங்க. ரெண்டு வெரலு மேல தூக்குனா தூக்கலாம். எனக்கு மனசு கேக்கல. எங்க கம்பெனியில கிரைண்டர் பெல்ட்டு இப்புடித் தொங்குனா மாட்டுனவன நான் நிக்க விடமாட்டேன். இருபத்தஞ்சு வருசமா பெல்ட்டு மாட்டறவன், எனக்குத் தெரியாதா? ஸ்பானர எடுத்தேன், பின்பக்கம் நட்டை முறுக்குனேன், செயினை வீணைக் கம்பியாட்ட நிக்க வெச்சேன். தட்டிப் பாத்தா 'ணங்'குனு சத்தம் வருது. புள்ளைக்குச் சொல்லல. அப்பா செஞ்ச வேலையப் பாத்துட்டு அதுவே சந்தோசப்படட்டும்னு விட்டுட்டேன்.

புள்ள பொழுதோட வந்துது. ஏறி உக்காந்துது. ஏறி உக்காந்தா வண்டியோட பின்பக்கம் கொஞ்சம் எறங்கும், பாத்திருப்பீங்க. கம்பெனிக்குப் பின்னால காலியெடத்துல ஒரு சுத்து போச்சு. ஒரு மேட்டுல ஏறி எறங்குச்சு. 'பட்'டுனு ஒரு சத்தம். செயினு அந்து, பாம்பாட்ட சொழண்டு, எஞ்சின் மூடியில அடிச்சு, புள்ள கணுக்காலுக்குப் பக்கமாப் போயி விழுந்துது. பூட்ஸு போட்டிருந்துது, தப்பிச்சுது. நான் பாருங்க தம்பி, அந்த எடத்துலயே உக்காந்துட்டேன்.

திருஷ்டிங்க. வேற என்ன? மொத நாளுதான் சகலை வந்து, "பரவால்லியே, வண்டி ஜம்முனு இருக்குதே"ன்னு சொல்லிட்டுப் போனாரு. அடுத்த நாளு செயினு அந்து போச்சு. புள்ளகிட்டயும் சொன்னேன். அது அந்த நட்டைத் தொட்டுப் பாத்துது, என்னையப் பாத்துது. ஒண்ணும் திட்டல. "அப்பா, ஒக்காந்தா செயினு இன்னும் இழுக்கும்ப்பா, அதுக்குத்தான் தொங்க உட்டிருந்தேன்"னு சொல்லிட்டு, "இனிமே செயின்ல கைய வெக்க மாட்டேன்னு எந்தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க"ன்னுச்சு. பண்ணுனேன். சகலை கண்ணு வெச்சதுக்கு எங்கிட்ட என்னத்துக்குச் சத்தியம் கேட்டுதுன்னு எனக்கு இன்னும் புரியல. பயந்த புள்ள, என்னமோ கேக்குதுன்னு பண்ணிட்டேன்.

ஆனா எனக்கு மனசு விட்டுப் போச்சுங்க. "போதுஞ் சாமி, வண்டிய எடைக்குப் போட்டுப் போடலாம், நீ வந்து பில்லு சீட்டுல உக்காரு"ன்னேன். அப்பத்தான் விசயத்தைச் சொல்லுச்சு. சென்னையில ஒரு ரேஸ் டீமாம். வண்டி தயார் பண்றதுக்கு ஆளு வேணுங்கறாங்களாம். இது பண்ற வேலைய வீடியோவுல பாத்துட்டுக் கூப்புட்டிருக்காங்க. போகோணும்னு ஆசை. எங்க ஊட்டுக்காரிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எனக்கு எப்பவும் கடைசியாத்தான் தெரியும்.

நான் முடியாதுன்னேன். அது ரெண்டு நாளு சோறு திங்காம எல்லாம் இருக்கல, நல்லாத் தின்னுது. தின்னுட்டே சொல்லுச்சு: "பொங்கல் முடிஞ்சு பல்லடத்துல ரேஸ் இருக்குது. நந்தும் ஓட்டறான். நான் ஜெயிச்சா என்னைச் சென்னைக்கு அனுப்புங்க. தோத்தா நானே வண்டிய வித்துப்போட்டு வந்து பில்லு போடறேன். இனி பேச்சே எடுக்கமாட்டேன்." என்ற புள்ள சொன்னா சொன்னதுதான், அது எங்கிட்ட இருந்து வந்த கொணம்.

எம்பட நெலமைய யோசிச்சுப் பாருங்க தம்பி. ஜெயிச்சா புள்ள போயிரும். தோத்தா மானம் போயிரும். நோம்பியில அத்தனை ஒறம்பரைக்கு முன்னால சகலை சிரிச்சுட்டு நிப்பாரு. ரெண்டுல எது பெருசுன்னு ஒரு ராத்திரி பூரா பொரண்டு பொரண்டு படுத்தேன். மானந்தான் பெருசுன்னு பட்டுது. அப்ப அப்புடித்தான் பட்டுதுங்க. ஜெயிக்கறதுன்னு எறங்கியாச்சு, இனி அரைகொறையா எறங்கப் படாதுன்னு பல்லு விசயத்துல நானே தலையக் குடுத்தேன்.

ஏன்னா செயினு அந்தா செயினை மட்டும் மாத்த முடியாதாமா. செயினு, முன்னால சின்னப் பல்சக்கரம், பின்னால பெரிய பல்சக்கரம், மூணையும் ஒண்ணா மாத்தோணும். பழைய பல்லு மேல புதுச் செயினைப் போட்டா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுருமாம். அது எனக்கே நியாயமாத்தான் பட்டுது. பழைய செயினுக்கு ஆயுத பூசையில நானே பொட்டு வெச்சிருந்தேன், அதுதான் கொஞ்சம் வெசனம்.

எத்தனை பல்லுன்னு கேட்டேன். "முன்னால பதிமூணு, பின்னால நாப்பது"ன்னுச்சு.

எனக்கு எப்புடி இருந்திருக்கும்னு நெனைக்கறீங்க? பதிமூணு! வாயில சொல்ற நம்பரா அது? ஒண்ணும் மூணும் நாலு. நாப்பதும் நாலு. நாலுன்னா ராகு. முன்னாலயும் ராகு, பின்னாலயும் ராகு, நடுவால என்ற புள்ள. "ஏஞ்சாமி, கொஞ்சமாச்சும் யோசிச்சுப் பாத்தியா?"ன்னேன்.

அது பொறுமையாத்தான் சொல்லுச்சு. முன்னால பல்லைக் கொறைச்சா, பின்னால பல்லைக் கூட்டுனா, வண்டிக்கு இழுவை கூடுமாம். எடுத்த எடுப்புல பாயுமாம். ஆனா ரொம்ப இழுவை வெச்சா பாதி தூரத்துலயே எஞ்சின் மூச்சு முட்டி நின்னுருமாம், மேல ஓடாதாம். அதனால இருநூறு மீட்டர் கோட்டைத் தாண்டறப்பச் சரியா எஞ்சின் முழு வேகத்துல இருக்கற மாதிரி பல்லைப் பொறுக்கோணுமாம். "நந்து வேகம் வேகம்னு முன்னால பெரிய பல்லாப் போட்டு வெச்சிருக்கான்ப்பா. அவன் வண்டி அந்த வேகத்துக்கு வர்றதுக்குள்ள கோடு வந்துரும். நான் பதிமூணு நாப்பதுல ஓட்டிப் பாத்துக் கணக்குப் போட்டிருக்கேன்"ன்னுச்சு. எல்லாம் சரி. படிச்ச புள்ள, பேசத்தான் செய்யும். ஆனா கெரகத்தை எந்த இஞ்சினீரிங்கு காலேஜுல சொல்லித் தர்றான்?

"பதினாலு, நாப்பத்தொண்ணு. ரெண்டும் அஞ்சு. ஒரே ஒரு பல்லுதான சாமி வித்தியாசம், அப்பனுக்காகப் பண்ணக் கூடாதா?"ன்னேன். "முன்னால ஒரு பல்லுங்கறது பின்னால மூணு பல்லுக்குச் சமம்ப்பா"ன்னுச்சு. பாருங்க, ஒண்ணு எப்புடி மூணுக்குச் சமமாகும்? இதத்தான் படிப்புங்கறாங்க. நான் கண்டிப்பாச் சொல்லிட்டேன். "பதினாலு நாப்பத்தொண்ணுல ஓட்டறதுன்னா ஓட்டு. இல்லீன்னா ரேஸும் இல்ல, சென்னையும் இல்ல." புள்ள மொகம் சுருங்கிப் போச்சு. எந்திரிச்சுப் பட்டறைக்குப் போயிருச்சு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துது. ஆனா பெத்தவன் கொஞ்சம் கண்டிப்பா இருந்தாத்தான புள்ளைக முன்னுக்கு வரும்?

அப்பறம் செயினு. அதுக்கும் நம்பரு இருக்குதுங்க. இந்த வண்டிக்கு ஐநூத்தி இருபதுன்னு ஒரு சைஸு. கூட்டுனா ஏழு, கேது. நானூத்தி இருபத்தெட்டுன்னு இன்னொரு சைஸு இருக்குது. நாலு, ரெண்டு, எட்டு, பதினாலு, அஞ்சு! நான் துள்ளிக் குதிச்சேன். புள்ள ஒரு துண்டு நானூத்தி இருபத்தெட்டுச் செயினைக் கொண்டாந்து பல்சக்கரத்து மேல வெச்சுது. ரெண்டு பல்லுல உக்காந்துது, மூணாவது பல்லு மேல ஏறி நின்னுக்குச்சு. சின்ன பைக்குச் செயினாமா. அமுக்கிப் பாத்தேன், சுத்தியல்ல ஒரு தட்டுத் தட்டியும் பாத்தேன். எறங்கல. ஜோசியருக்குப் போனைப் போட்டேன். அவரு கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "செயினு பல்லுக்கு அடங்குனது. அதுக்குத் தனியா நம்பரு பாக்க வேண்டியதில்லீங்க"ன்னாரு. பெரிய மனுசன் பெரிய மனுசந்தான். அதனால செயினு விசயத்துல புள்ள இஷ்டத்துக்கே விட்டுட்டேன். உள்ள ரப்பர் வளையம் வெச்ச செயினு ரொம்ப நாளு வருமாம், ஆனா அந்த ரப்பரே வண்டியக் கொஞ்சம் புடிச்சு இழுக்குமாம். அதனால ரப்பர் இல்லாத செயினா எடுத்துது. நான் தலையிடல. எதெதுல விட்டுக்குடுக்கோணும்னு எனக்குத் தெரியும்.

பொள்ளாச்சி. எறங்கலீங்களா? சரி, நானும் எறங்கல. இதை விட்டுட்டு எறங்கவும் முடியாது, தூக்கிட்டுப் போயி டீக்கடையில வெக்கவும் முடியாது.

என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், பல்லு. புள்ள போயி நாஞ் சொன்ன மாதிரியே வாங்கிட்டு வந்துது. முன்னால பதினாலு, பின்னால நாப்பத்தொண்ணு. மேசையில வெச்சுது. "பாருங்கப்பா, அச்சுல நாப்பத்தொண்ணுன்னு அடிச்சிருக்கு"ன்னுச்சு. நான் அச்சை நம்பற ஆளில்ல. கம்பெனி வெச்சு நடத்தறவன், ஸ்டிக்கரு ஒட்டறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியும். "குங்குமத்தை எடு"ன்னேன். நானே எண்ணுனேன்.

எண்ணறதுக்கு ஒரு மொறை இருக்குது தம்பி. வட்டத்தைச் சும்மா மனசு போன போக்குல எண்ணப் படாது. ஒரு பல்லுல பொட்டு வெக்கோணும். அதுல இருந்து ஒண்ணுன்னு ஆரம்பிக்கோணும். அப்புடியே சுத்தி வந்து, பொட்டு வெச்ச பல்லுலயே முடிக்கோணும். கோயிலைச் சுத்தறப்பக் கொடிமரத்துல ஆரம்பிச்சுக் கொடிமரத்துலதான முடிக்கறோம்? ஒரு அடி முன்னாலயே நின்னுட்டா சுத்துனதா ஆகுமா? அதேதான். எண்ணுனேன். பொட்டுப் பல்லுக்கு வந்து கையி நிக்குது: நாப்பத்திரெண்டு!

சின்னதை எண்ணுனேன். பதினஞ்சு! ரெண்டும் ஆறு. ஆறுன்னா சுக்கிரன். கல்யாணங் காச்சிக்கு ஆகும், நகைக்கடைக்கு ஆகும், ரேஸுக்கு ஆகுமா? ரெண்டுலயும் ஒரு பல்லைக் கூட வெச்சு வித்திருக்கான், அச்சுல கொறைச்சு அடிச்சிருக்கான். அந்தக் கம்பெனிக்காரனுக்கு எண்ணவே தெரியலீங்க.

எங்க ஊட்டுக்காரி கதவுக்கிட்ட நின்னுட்டிருந்தா. "ஏனுங்க, ஆரம்பிச்ச பல்லை நீங்க ரெண்டு வாட்டி..."ன்னு என்னமோ ஆரம்பிச்சா. புள்ள சட்டுனு அவ கையப் புடிச்சுது. "அம்மா, நீ போயிக் காப்பி போடும்மா"ன்னுச்சு. நல்ல புள்ள. ஆம்பளைக தொழில் பேசறப்ப அவ நடுவால வர்றது அதுக்கே புடிக்கல. அப்பறம் என்ற பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துது. "அப்பா, இன்னொருக்கா எண்ணிக் காட்டுங்க. மெதுவா"ன்னுச்சு. எண்ணுனேன். வெரலு போற எடமெல்லாம் அது கண்ணு போச்சு. பொட்டுல முடிச்சேன். நாப்பத்திரெண்டு. புள்ள அப்புடியே சிரிச்சுது. ரெண்டு நாளாச் சுருங்கிக் கெடந்த மொகம், வாயப் பொத்திட்டு, தோளு குலுங்கச் சிரிச்சுது. கண்ணுல தண்ணி வந்திருச்சு. "கரெக்ட்டுப்பா. நீங்க சொல்றதுதான் கரெக்ட்டு. இதைத் திருப்பிக் குடுத்துட்டு, உங்க எண்ணிக்கைக்கு எது சரியா வருதோ அதைக் கொண்டாறேன்"ன்னுச்சு. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. இத்தனை படிச்ச புள்ள, அப்பன் சொன்னதை ஒத்துக்குது பாருங்க. எத்தனை ஊட்ல நடக்கும்?

அடுத்த நாளு வேற ஒரு செட்டு கொண்டாந்துது. எம் முன்னால வெச்சுட்டு, "நீங்களே எண்ணுங்கப்பா, நான் வாயத் தொறக்கமாட்டேன்"னுச்சு. எண்ணுனேன். பின்னாலது நாப்பத்தொண்ணு. முன்னாலது பதினாலு. சுத்தமா, ஒரு பல்லு கூடல கொறையல. அஞ்சு, அஞ்சு. அச்சைப் பாத்தா வேடிக்கை, இதுல நாப்பதுன்னும் பதிமூணுன்னும் அடிச்சு வெச்சிருக்கான். இங்க பாருங்க, உங்க வெரலுக்குக் கீழ, தெரியுதுங்களா? நாப்பதுன்னு போட்டிருக்கு. நாஞ் சொன்னனல்லங்க, அவிய கம்பெனியில ஒரு பல்லைக் கொறைச்சுத்தான் எண்ண வருது. இப்புடி எண்ணி வித்தா ஊருல எத்தனை பேரு வண்டி தோத்துப் போயிருக்கும்?

ரேஸு அன்னைக்கு நானும் ஊட்டுக்காரியும் போயிருந்தோம். பல்லடம் பக்கம் ஒரு பழைய மில்லு, மூடிக் கெடக்குது, அந்த மைதானம். சகலை குடும்பத்தோட வந்திருந்தாரு. நந்து வண்டிக்குப் பூசணிக்காயச் சுத்தி கோட்டு மேலயே ஒடைச்சுட்டாங்க. கொடி புடிக்கறவரு வெளக்கமாத்த வாங்கிட்டு வரச்சொல்லிச் சகலையவே கூட்ட வெச்சாரு. நான் அப்புடியெல்லாம் விவரங்கெட்டுப் பண்ணல. பின்சக்கரத்துக்குக் கீழ ரெண்டே ரெண்டு எலுமிச்சம்பழம். கொடிக்காரரு நம்ம பக்கத்து ஆளு, "வெச்சுட்டுச் சீக்கிரம் வாங்கய்யா"ன்னாரு. செயினுக்குச் சந்தனம் வெக்கலாம்னு குனிஞ்சேன். புள்ள, "அப்பா, சத்தியம்"னுச்சு. கைய எடுத்துட்டேன்.

சகலை பக்கத்துல வந்து நின்னு, "எங்க வண்டி எத்தனை வேகம் போகும்னு தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சாரு. அப்பக் கொடி எறங்குச்சு. நான் கண்ண மூடிட்டேங்க. செயினு அந்த அன்னைக்கு மாதிரி சத்தம் வந்துருமோன்னு காதையும் பொத்திட்டேன். ரேஸு வேண்டாம், சகலை வேண்டாம், மானம் வேண்டாம், புள்ள காலோட கையோட வந்தாப் போதும் முருகான்னு வேண்டுனேன். தொறந்து பாக்கறப்ப முடிஞ்சே போச்சு. எங்க ஊட்டுக்காரி, என்னைக்கும் சத்தமாப் பேசாதவ, சேலை முந்தானையச் சுத்திட்டுக் குதிக்கறா. எடுத்த எடுப்புல பாஞ்சு போயிருச்சாம். நந்து வண்டி பின்னால உறுமிட்டே வந்துதாம். சகலை அரை மணி நேரம், "இன்னும் நூறு மீட்டர் இருந்திருந்தா நாங்கதான்"ன்னு சொல்லிட்டிருந்தாரு. நூறு மீட்டர அவரு ஊட்ல இருந்து கொண்டு வந்திருக்கோணும்.

புள்ள ஹெல்மெட்டைக் கழட்டிட்டு நேரா எங்கிட்ட வந்துது. எல்லாரும் பாக்கறாங்க, ஒறம்பரை, சகலை, எல்லாரும். எங் கையப் புடிச்சுட்டு, "அப்பா, நீங்க எண்ணுன எண்ணிக்கைதான்ப்பா ஜெயிச்சுது"ன்னுச்சு. அத்தனை பேரு முன்னால! சகலை மொகத்தைப் பாத்திருக்கோணும் நீங்க. அடுத்த வாரமே அவரு காங்கயம் ஜோசியரு விலாசத்தை எங்கிட்டக் கேட்டு ஆளனுப்புனாரு. குடுக்கல.

சொன்ன சொல்லு சொல்லுதானுங்களே. தை முடியறதுக்குள்ள அனுப்பி வெச்சேன். ரயிலேறறப்ப, "அங்கயும் அச்சை நம்பாத சாமி, நம்ம மொறையில எண்ணு"ன்னேன். சரிப்பான்னுச்சு. இப்ப நல்லா இருக்குதாம். நாள் தவறாமப் போன் பண்ணுது. வண்டிய விக்கல, பட்டறையில சாக்குப் போட்டு மூடி வெச்சிருக்குது. இந்தப் பல்லை மட்டும் கழட்டி எங்கிட்டக் குடுத்துட்டுப் போச்சு, வேண்டுதலுக்கு.

ஒண்ணு சொல்லட்டுங்களா தம்பி, இதை நான் ஊட்டுக்காரிகிட்டக்கூடச் சொல்லல. நோம்பிக்குப் போனோம். மானம் இருக்குது. எல்லாரும் எழுந்திரிச்சு எடம் குடுத்தாங்க. திரும்பி ஊட்டுக்கு வந்தா, ஊடு வெறிச்சுனு கெடக்குது. பட்டறைப் பக்கம் சத்தமே இல்ல. முன்னெல்லாம் சுத்தியல் சத்தத்துல தூக்கமே வராதுன்னு திட்டுவேன். இப்ப அந்தச் சத்தமில்லாமத் தூக்கம் வரமாட்டேங்குது. சில நேரம் நெனைச்சுக்குவேன், நான் மட்டும் அன்னைக்குக் கொஞ்சம் தப்பா எண்ணியிருந்தா, அந்தச் சுக்கிரன் நம்பரோட போயித் தோத்திருக்கும், புள்ள இங்கயே பில்லு போட்டுட்டு இருந்திருக்கும். என்ன பண்றது, எனக்குத் தப்பா எண்ண வராதுங்களே. எண்ணிக் குடுத்து அனுப்பி வெச்சதே நாந்தான்.

மடத்துக்குளம் தாண்டியாச்சு. எறங்கறதுக்கு முன்னால ஒருக்கா நீங்களும் எண்ணிப் பாத்துருங்க. சாமிகிட்டக் கொண்டு போறது, வேத்து மனுசங்க ஒருத்தரு எண்ணிச் சொன்னா எனக்கும் திருப்தி. எங்க ஊட்டுக்காரி ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் ஒரு பல்லுக்கு ஒரு பொட்டுன்னு வெக்கறா, நாப்பது பொட்டுதான் வருதுங்கறா. குங்குமத்தை எங்கியோ சிந்திட்டு எங்கிட்டச் சொல்றா. மெதுவா எண்ணுங்க, பஸ்ஸு குலுங்குது.

ம். ம். நாப்பதுங்களா?

நல்லாப் பாருங்க. பெரிய பொட்டு வெச்ச பல்லுல ஆரம்பிச்சீங்களா? சரி. அந்தப் பல்லுக்கே திரும்பி வந்தீங்களா? வரல பாத்தீங்களா! அதுக்கு முந்துன பல்லுலயே நின்னுட்டீங்க. அங்கதான் தம்பி எல்லாரும் தப்புப் பண்றாங்க. வெரலைக் குடுங்க, நான் புடிச்சுக் காட்டறேன். ஒண்ணு, ரெண்டு... ஆங், இப்புடியே வாங்க. முப்பத்தொம்பது, நாப்பது, இந்தா பொட்டு, நாப்பத்தொண்ணு!

ஏனுங்க சிரிக்கறீங்க?

இல்லீங்க, கோவமெல்லாம் இல்ல. அன்னைக்கு ஸ்டூலு மேல உக்காந்துட்டு என்ற புள்ளையும் இதே மாதிரிதான் வாயப் பொத்திட்டுச் சிரிச்சுது. கைய எடுத்துருங்க தம்பி. பழனி வர்ற வரைக்கும் கொஞ்சம் சத்தமாவே சிரிங்க.